ரஷ்ய சமயத் தத்துவவாதிகளுக்குத் தருக்கம் ஆகாதா?

கேள்வி: மே 6, 2023

சோலோவ்யோவ் தொடங்கி ஷெஸ்தோவ் வரைக்கும், 'ரஷ்ய சமயத் தத்துவம்' என்ற பெயரில் வந்தவை எல்லாம் தருக்கத்தைக் கைகழுவிவிட்டு எழுதிய பக்திக் கட்டுரைகள்தான். முரண்பாடு தலைகாட்டினால் 'அது மறைபொருள், அறிவுக்கு எட்டாது' என்று நழுவிவிடுகிறார்கள். இல்லை என்பவர்கள் ஒரே ஒரு நிரூபணத்தைக் காட்டட்டும்.

மே 6, இரவு

காட்டுகிறேன். ஆனால் ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1894இல் 'மைண்ட்' இதழில் லூயிஸ் கரோல் ஒரு புதிரை வெளியிட்டார். கடையில் மூன்று பேர்: ஆலன், பிரவுன், கார். கடையை ஆளில்லாமல் விடுவதில்லை. ஒருவராவது உள்ளே இருப்பார். அதோடு, காய்ச்சல் வந்ததிலிருந்து ஆலன் பிரவுனின் துணையில்லாமல் வெளியே கால் வைப்பதில்லை. இப்போது ஜோ மாமா வாதாடுகிறார்: கார் வெளியே போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆலனும் வெளியே போனால் பிரவுன் உள்ளே இருந்தாக வேண்டும். ஆனால் ஆலன் போனால் பிரவுனும் போவார் என்பது தெரிந்ததுதானே? ஒரே நிபந்தனையிலிருந்து இரண்டு எதிரெதிர் முடிவுகள்! ஆகவே கார் வெளியே போகவே முடியாது.

மாமா சொல்வது பிழை. கார் தாராளமாகப் போகலாம். அப்போது ஆலன் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் தருக்கப் பாடம் எடுத்த காலத்தில் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்பேன். வகுப்பில் பாதி மாமாவின் பக்கம் சேர்ந்துகொள்ளும். மீதிப் பாதி அவர்களைத் திருத்துவதற்குள் மணி அடித்துவிடும்.

1914இல் மாஸ்கோவில் 'உண்மையின் தூணும் அடித்தளமும்' என்ற பெரிய புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் பாவெல் ஃபுளோரென்ஸ்கி, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பாதிரியார். அதன் பின்னிணைப்பு ஒன்றில் இதே புதிர் இருக்கிறது. ஆட்கள்தான் வேறு. 'ஆலன் வெளியே' என்ற இடத்தில் 'மறைநூலில் முரண்பாடுகள் உள்ளன'. 'பிரவுன் வெளியே' என்ற இடத்தில் 'மறைநூல் இறைவனிடமிருந்து வந்ததல்ல'. 'கார் வெளியே' என்ற இடத்தில் 'வாசிப்பவர் ஆன்மிக ஒளி பெற்ற நிலையில் இருக்கிறார்'.

பகுத்தறிவுவாதி சொல்கிறார்: முரண்பாடுகள் இருந்தால் அது இறைவனின் நூல் அல்ல. ஞானி சொல்கிறார்: ஒளி பெற்ற நிலையில், முரண்பாடுகள் இருப்பதே அது இறைவனின் நூல் என்பதற்குச் சான்று. இருவரும் சொல்வது சரியென்றால் என்ன முடிவு? ஜோ மாமாவாக இருந்தால் 'ஒளி பெற்ற நிலை என்று ஒன்று இல்லவே இல்லை' என்பார். சரியான முடிவு வேறு: ஒளி பெற்ற நிலையில் முரண்பாடுகள் இல்லை. ஃபுளோரென்ஸ்கி இதைக் குறியீட்டுத் தருக்கத்தில் வரி வரியாக எழுதிக் காட்டுகிறார். ஒரு பாதிரியார், 1914இல்.

கேட்டது ஒரு நிரூபணம். இதோ.

மே 7

'இது வெறும் பெயர் மாற்று வேலை' என்று பதில் வந்திருக்கிறது. ஆமாம். பெயரை மாற்றினாலும் வடிவம் செல்லுபடியாவதைத்தான் தருக்கம் என்கிறோம்.

வேறொன்று எனக்கு உறுத்துகிறது. நிரூபணத்தின் உள்ளே பாருங்கள். ஒளியும் முரண்பாடும் சேர்ந்தே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால் 'இறைவனின் நூல் அல்ல', 'இறைவனின் நூல்தான்' என்ற இரண்டும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. ஆகவே வைத்துக்கொண்டதைக் கைவிடு. இது முரண்பாட்டைக் காட்டி மறுக்கும் பழைய முறை. யூக்ளிடின் கை.

முரண்பாடுகளே உண்மையின் அடையாளம் என்று, கடிதங்களாக அமைந்த அதே புத்தகத்தில் ஒரு முழுக் கடிதம் எழுதியவர், முரண்பாட்டு விதியின் (ஒரு கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து உண்மையாக முடியாது என்ற விதியின்) தோளில் ஏறி நின்று இதைச் சொல்கிறார். இந்த இழையில் நான் பேச விரும்புவது இதைத்தான்.

மே 9

ஆளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஃபுளோரென்ஸ்கி 1882இல், இன்று அசர்பைஜானில் இருக்கும் யெவ்லாக்கில் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1900 முதல் 1904 வரை கணிதம். ஆசிரியர் நிக்கொலாய் புகாயெவ். கவிஞர் அந்திரேய் பெலியின் தந்தை. எல்லாவற்றையும் இடையறாத தொடர்ச்சியாகவே பார்த்துப் பழகிய கணிதம் மனித உலகைத் தவறாகக் காட்டுகிறது, தாவல்களையும் முறிவுகளையும் ஆராய வேண்டும் என்பது புகாயெவின் பிடிவாதம். மாணவர் அதைப் பிடித்துக்கொண்டார். 1904இல் கணிதவியலாளர் கான்டோரின் முடிவிலிகளைப் பற்றி, கணிதம் படிக்காதவர்களும் வாசிக்கும் ஓர் இதழில் கட்டுரை எழுதினார். ரஷ்ய மொழியில் அதைப் பற்றி வந்த மிக முந்தைய கட்டுரைகளில் அதுவும் ஒன்று. பல்கலைக்கழகத்திலேயே தங்கலாம் என்றார்கள். வேண்டாமென்று செர்கியெவ் பொசாதில் இருந்த இறையியல் அகாதெமிக்குப் போனார். 1911இல் குருப்பட்டம்.

'தூண்' புத்தகம் நண்பருக்கு எழுதும் பன்னிரண்டு கடிதங்களாக அமைந்தது. இரண்டாம் கடிதத்தின் தலைப்பு 'ஐயம்'. மொத்தப் புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். வாதம் ஏறத்தாழ இப்படிப் போகிறது.

ஒன்றை உண்மை என்று ஏன் ஏற்கிறேன்? ஒரு வழி: அது கண்முன் நிற்கிறது, அ என்பது அ. ஏன் அ என்பது அ என்றால், 'அது அப்படித்தான்' என்பதைத் தவிரப் பதில் இல்லை. காரணம் கேட்டவனுக்கு இது வாயை அடைக்கும் பதில். இன்னொரு வழி: அ-வுக்கு ஆ காரணம், ஆ-வுக்கு இ காரணம் என்று போய்க்கொண்டே இருப்பது. இது முடியாது. முதல் வழியில் முடிவு உண்டு, காரணம் இல்லை. இரண்டாம் வழியில் காரணம் உண்டு, முடிவு இல்லை. சரி, தீர்ப்பை நிறுத்திவைக்கிறேன் என்றால், நிறுத்திவைப்பதையும் சந்தேகிக்க வேண்டும். அதையும் நிறுத்திவைக்க வேண்டும். இங்கே ஃபுளோரென்ஸ்கியின் எழுத்து கொதிக்கிறது.

வெளியேறும் வழியாக அவர் கேட்பது: காரணங்களின் முடிவில்லாத் தொடர் முழுவதும் ஒரே பார்வையில் கையில் வந்துவிட்டால்? போய்க்கொண்டே இருக்கும் முடிவிலி அல்ல; முழுமையாக முன்னால் நிற்கும் முடிவிலி. கான்டோரைப் படித்தவர் எழுதுகிறார் என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. அப்படியொரு உண்மை இருந்தால் அது தன் காரணத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஆனால் 'நான் நானே' என்று இறுகி நிற்பதாக இருக்கவும் கூடாது, ஏனென்றால் அது மறுபடியும் காரணமற்ற அ = அ. எனவே அ தன் காரணத்தை இன்னொருவரிடம் பெறுகிறது. அந்த இன்னொருவர் மூன்றாமவரிடம். இப்படித்தான் அவர் திரித்துவத்துக்கு, மூவராக இருக்கும் ஒரே இறைவன் என்ற கிறித்துவக் கோட்பாட்டுக்கு, வந்து சேர்கிறார். ஏன் நான்கு அல்ல என்பதற்கும் பதில் வைத்திருக்கிறார்: மூவரில் ஒவ்வொருவரும் மற்ற இருவருக்கும் அடுத்தவர், முன்பின் இல்லை, நான்காமவர் வந்ததும் வரிசை என்று ஒன்று வந்துவிடுகிறது.

இது நிரூபணமா? இல்லை. 'அப்படியொரு உண்மை இருந்தால்' என்ற நிபந்தனை கடைசிவரை நிபந்தனையாகவே நிற்கிறது. அவருக்கும் அது தெரியும், அந்த இடைவெளியைத் தாண்ட நம்பிக்கையின் முயற்சி வேண்டும் என்று அவரே சொல்கிறார். ஆனால் எங்கே நிரூபணம் நிற்கிறது, எங்கே தாவல் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுபவரைத் தருக்கம் தெரியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, சிரிக்காமல் படியுங்கள்: திரித்துவ இறைவனுக்கும் பைத்தியத்தில் சாவதற்கும் நடுவில் மூன்றாவது வழி கிடையாது என்கிறார். மூன்றாவது கிடையாது என்பதற்கான அந்த லத்தீன் தொடரையே பயன்படுத்துகிறார். அ = அ-வைத் தாக்கிய பேனாவே நடு விலக்கு விதியை ஆணையாகப் பிறப்பிக்கிறது.

மே 9, பின்னிரவு

கொறிக்க ஒன்று. அதே மனிதர் 1922இல் 'வடிவியலில் கற்பனை எண்கள்' என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார், இத்தாலியக் கவிஞர் தாந்தே இறந்து 600 ஆண்டுகள் ஆனதை ஒட்டி. பூமி நிற்கிறது, வானம் ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்றே வைத்துக்கொள். அப்படியானால் எந்தத் தொலைவில் சுழற்சியின் வேகம் ஒளியின் வேகத்தைத் தொடும்? நீங்களே போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், 86,400 நொடி, பெருக்கி 2π-ஆல் வகுத்தால் சுமார் 412 கோடி கிலோமீட்டர். யுரேனஸ் சூரியனிலிருந்து சுமார் 287 கோடி. நெப்டியூன் சுமார் 450 கோடி. ஆக, இவ்வுலகின் எல்லை யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் நடுவே. அதற்கு அப்பால் நீளங்கள் கற்பனை எண்களாகின்றன, அங்கே விண்ணுலகம்.

கணக்கு சரி. இயற்பியல் சரியில்லை: சுழலும் பூமியை நிலையாக வைத்து அளக்கும் சட்டகத்தில் தொலைவில் உள்ள பொருளுக்குக் கிடைக்கும் வேகம் ஒளிவேக வரம்புக்குக் கட்டுப்பட்டதல்ல. நெப்டியூன் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மே 13

'இவ்வளவு நேர்த்தியானவரை அவருடைய ஆட்களாவது எதிர்த்தார்களா?' என்ற கேள்வி நல்ல கேள்வி. எதிர்த்தார்கள். அதுவும் புத்தகம் வெளிவந்த 1914ஆம் ஆண்டிலேயே, சோலோவ்யோவின் நண்பரான இளவரசர் யெவ்கேனி த்ருபெத்ஸ்கோய், மாஸ்கோ சமய-தத்துவக் கழகத்தில். முரண்பாடு பாவத்தில் சிதைந்த நம் அறிவின் நோய் என்று ஓரிடத்தில் சொல்கிறீர்கள்; விசுவாசக் கோட்பாடே முரண்களால் ஆனது என்று வேறோரிடத்தில் சொல்கிறீர்கள்; எது உங்கள் நிலை? நோய் என்றால் அறிவைக் குணப்படுத்துங்கள், முரண்பாட்டைப் பீடத்தில் ஏற்றாதீர்கள். அவருடைய தாக்குதலின் சாரம் இது.

எனக்கு இந்த அடி சரியான இடத்தில் விழுந்ததாகவே படுகிறது. ஆறாம் கடிதத்தில் ('முரண்பாடு' என்றே தலைப்பு) ஃபுளோரென்ஸ்கி ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் சேர்த்து எழுதி, அதோடு உண்மையைக் குறிக்கும் ஒரு குறியையும் ஒட்டுகிறார். வெறும் முரண்பாடு பொய்; அந்தக் குறி ஒட்டினால் கோட்பாடு. அந்தக் குறியைக் கையாள என்ன விதி? எந்த இரண்டு கூற்றுகளோடு வேண்டுமானாலும் ஒட்டலாமா? விதி தரவில்லை. முடிதிருத்துபவர் புதிரில் அவ்வளவு கறாராக இருந்தவர் இங்கே முத்திரை குத்திவிட்டுப் போய்விடுகிறார்.

மே 14

காலையில் மறுபடி யோசித்தேன். பின்னிணைப்பையும் ஆறாம் கடிதத்தையும் எதிரெதிராக நிறுத்துவது அவசரமோ என்று தோன்றுகிறது. பின்னிணைப்பு சொல்வது: ஒளி பெற்ற நிலையில் முரண்பாடு இல்லை. கடிதம் சொல்வது: ஒளி பெறாத நமக்கு உண்மை முரண்பாடாகத்தான் தெரியும், வேறு மாதிரி தெரிந்தால் அது உண்மையல்ல. இரண்டும் சேர்ந்து நிற்கலாம். முரண்பாடு பொருளில் இல்லை, நம் கூற்றுகளில் இருக்கிறது. அப்படிப் படித்தால் த்ருபெத்ஸ்கோயின் கேள்வி பாதி கரைகிறது. மீதிப் பாதி கரையவில்லை, முத்திரைக்கு இன்னும் விதி இல்லை.

மே 14, மாலை

கேள்வி கேட்டவர் ஷெஸ்தோவையும் இதே பட்டியலில் சேர்த்திருக்கிறார். அங்கேதான் அவருடைய குற்றச்சாட்டு பொருந்தும், ஆனால் ஷெஸ்தோவ் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதன், இரண்டும் இரண்டும் நான்கு என்பது வாழ்க்கை அல்ல, சாவின் தொடக்கம் என்று முனகுவான் அல்லவா? ஷெஸ்தோவ் அந்த முனகலைத் தத்துவமாகவே எடுத்துக்கொண்டவர். 1938இல் வெளிவந்த 'ஏதென்ஸும் ஜெருசலேமும்' நூலில் அவருடைய கேள்வி: சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தார்கள் என்பது என்றைக்கும் மாறாத உண்மையாகவே இருந்தாக வேண்டுமா? நடந்ததை நடக்காததாக்க இறைவனால் முடியாதா? பதினோராம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் என்ற துறவி எழுப்பிய கேள்வியை மறுபடி எழுப்புகிறார்.

இவருக்குத் தருக்கம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஜெர்மன் தத்துவவாதி ஹுசர்லை எதிர்த்து எழுதியவர், பிறகு அவரோடு நட்பாகப் பழகியவர். அவருடைய சண்டை விதிகளின் சரி-தவறு பற்றியது அல்ல. அவற்றுக்கு அடிபணிவது பற்றியது. ஒரு கேள்வி மட்டும் எனக்குத் தீரவில்லை. சாக்ரடீஸ் நஞ்சு குடிக்கவில்லை என்று இறைவன் ஆக்கிவிட்டால், 'குடித்தார்' என்பது பொய்யாகிறது. இரண்டும் உண்மையாக இருக்கும் என்று ஷெஸ்தோவ்கூடக் கேட்கவில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. கட்டாயத்தைத்தான் உடைக்கிறார், முரண்பாட்டு விதி அவர் கையிலும் உடையாமல் தப்பித்துக்கொள்கிறது.

மே 20

'நாமம்' விவகாரத்தை ஒருவர் இழுத்திருக்கிறார். சொல்ல வேண்டியதுதான், தருக்கத்துக்கு அங்கே நேரடி வேலை இருக்கிறது.

1907இல் இலாரியோன் என்ற துறவி 'காகசஸ் மலைகளில்' என்ற நூலை வெளியிட்டார். இயேசுவின் பெயரை இடைவிடாமல் சொல்லும் செபத்தைப் பற்றியது. இறைவனின் பெயரில் இறைவனே இருக்கிறார் என்றார். கிரேக்கத்தின் அதோஸ் மலையில் இருந்த ரஷ்ய மடங்கள் இதைப் பற்றி இரண்டாகப் பிளந்தன. 1913 மே மாதம் ரஷ்யத் திருச்சபையின் ஆளும் மன்றம் இதைக் கண்டித்தது. கோடையில் ரஷ்யக் கடற்படை வந்தது. அடங்காத துறவிகள் மீது தண்ணீர்க் குழாய்களைத் திருப்பி, 800க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி ஒதேஸாவுக்கு அனுப்பினார்கள். ஒரு வினைச்சொல்லின் பொருளுக்காகப் போர்க்கப்பல் வந்த வேறொரு நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

அந்த வினைச்சொல் 'ஆகும்'. ஃபுளோரென்ஸ்கி துறவிகளின் பக்கம் நின்றார். அவர் தந்த வாய்பாடு: இறைவனின் பெயர் இறைவனே, ஆனால் இறைவன் பெயர் அல்ல. பள்ளிக்கூடக் கணிதப்படி இது அபத்தம். அ = ஆ என்றால் ஆ = அ. ஆனால் சமன்பாடாக அன்றி, 'இந்தக் கல் கறுப்பு' என்பதுபோல் ஒரு பண்பைச் சொல்லும் கூற்றாக எடுத்தால் திருப்பிப் போட முடியாமல் இருப்பது இயல்பு. ஃபுளோரென்ஸ்கி இரண்டையுமே சொல்லவில்லை. பெயரில் இறைவனின் ஆற்றல் முழுமையாகச் செயல்படுகிறது, ஆற்றல் சாரத்திலிருந்து பிரியாதது, ஆனால் சாரம் ஆற்றலில் அடங்கிவிடாதது என்கிறார். பதினான்காம் நூற்றாண்டு இறையியலாளர் கிரெகரி பாலமாஸ் வழிவந்த பிரிவினை இது. 'ஆகும்' என்ற உறவு ஒரு திசையில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு மெய்ப்பொருளியல். சரியோ தவறோ, இதை விதிகளோடு எழுதிப் பார்க்கலாம். எதிர்த்தரப்பு அதை எழுதிப் பார்க்காமலே கப்பலை அனுப்பியது.

இனி கணிதக்காரர்கள். மாஸ்கோ கணிதக் கழகத்தின் தலைவராக இருந்த திமித்ரி யெகோரோவ் நாம வழிபாட்டு வட்டத்தைச் சேர்ந்தவர். 1930இல் கைதானார், 1931இல் கசானில் இறந்தார். அவருடைய மாணவர் நிக்கொலாய் லூசின், இளமையில் உயிரையே வெறுத்த நிலையில் ஃபுளோரென்ஸ்கியின் கடிதங்களால் மீண்டவர். பிறகு கணக் கோட்பாட்டில் ஒரு பள்ளியையே உருவாக்கினார். பெயர் சொன்னால் இறைவன் வருகிறான், பெயர் சொன்னால் முடிவிலிக் கணமும் வருகிறது, எனவே நாம வழிபாடுதான் மாஸ்கோக் கணிதத்தைப் பெற்றெடுத்தது என்று கூறும் வரலாறு ஒன்று உலவுகிறது. படிக்கச் சுவையானது. எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பெயரிட முடியாத பொருள் கணிதத்தில் இருக்கிறதா என்ற கேள்வியை 1905இல் போரெல், பெய்ர், லெபேக், அதமார் ஆகிய பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் கடிதங்களில் அடித்துப் பேசிவிட்டார்கள். யாருக்கும் செபமாலை தேவைப்படவில்லை. லூசினின் மாணவர் சுஸ்லின் 1917இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு லெபேக்கின் ஒரு தவறைப் பிடித்ததில் பிறந்தது. முடிவிலியைக் கண்டு கூசாமல் இருக்க சமயம் அவர்களுக்குத் துணிச்சல் தந்திருக்கலாம். தேற்றங்களைத் தந்தது என்பது வேறு.

மே 21

நம் ஊர் நாம சங்கீர்த்தனத்தோடு ஒப்பிடச் சொல்பவர்களுக்கு: வேண்டாம். பஜனை மடத்துக்கும் அதோஸுக்கும் போக்குவரத்து இருந்ததில்லை.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் வேறிடத்தில் இருக்கிறது. இதே ஆண்டுகளில் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபியோதர் ஷெர்பாத்ஸ்கோய் பௌத்தத் தருக்கத்தில் மூழ்கியிருந்தார். அவருடைய 'பௌத்தத் தருக்கம்' இரண்டு தொகுதிகளாக 1930களின் தொடக்கத்தில் லெனின்கிராதில் வந்தது. அதில் பேசப்படும் பௌத்தத் தருக்கவாதி திங்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. ஆனால் ஷெர்பாத்ஸ்கோய் சமயத் தத்துவவாதி அல்ல. இழை அலைகிறது, நிறுத்துகிறேன்.

மே 28

ஃபுளோரென்ஸ்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த மரபில் தருக்கத்தை அடிவரை தோண்டியவர் விடுபட்டுப்போவார். செம்யோன் ஃபிராங்க். யூதக் குடும்பத்தில் பிறந்து 1912இல் ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தவர். 1915இல் வெளிவந்த 'அறிவின் பொருள்' அவருடைய பெரிய நூல். நடையில் ஃபுளோரென்ஸ்கியின் கொதிப்பு இல்லை, கண்ணீர் இல்லை, நண்பருக்குக் கடிதம் இல்லை. முதன்முறை படித்தபோது தூங்கிவிட்டேன். இன்று ஒருவரை மட்டும் வைத்துக்கொள் என்றால் இவரைத்தான் வைத்துக்கொள்வேன்.

அவருடைய கேள்வி: 'அ' என்றும் 'அ அல்லாதது' என்றும் பிரிக்கிறோம், ஒற்றுமை விதி (அ என்பது அ), முரண்பாட்டு விதி, நடு விலக்கு விதி (அ அல்லது அ அல்லாதது, மூன்றாவது கிடையாது) மூன்றும் இந்தப் பிரிவின் மேல் நிற்கின்றன. பிரிப்பதற்கு முன்னால் என்ன இருந்தது? பாகப்பிரிவினையில் வரப்பு போடுவதற்கு முன்பும் நிலம் இருந்ததல்லவா? வரப்பு சட்டங்கள் எல்லாம் வரப்பு போட்ட பிறகுதான். அந்த முழு நிலத்தைப் பற்றி 'அது கிழக்குப் பங்கா மேற்குப் பங்கா' என்று கேட்பது தவறான கேள்வி. அது இரண்டுமாக இருந்து முரண்படவில்லை, இரண்டும் அதற்குள்ளிருந்து வந்தவை. தருக்கத்துக்கு முந்திய இந்த ஒருமையைத்தான் ஃபிராங்க் மெய்ப்பொருளியலின் அடித்தளமாக வைக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் ஜெர்மன் சிந்தனையாளர் கூசா நிக்கொலாஸிடமிருந்து பெற்றதை மறைக்கவும் இல்லை, தன் ஒரே ஆசான் என்கிறார்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். முரண்பாட்டு விதி அங்கே மீறப்படவில்லை. அங்கே அதற்கு வேலை இல்லை. இன்னொரு ரஷ்யத் தத்துவவாதியான நிக்கொலாய் லோஸ்கியும் இதே பக்கம்தான்: முரண்பாட்டு விதி, ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டு நிற்கும் பொருள்களின் உலகத்துக்கான விதி, அந்த வேறுபாடுகளுக்கு மேலே இருப்பதை அது தொடுவதும் இல்லை, அதனால் உடைவதும் இல்லை. ஃபுளோரென்ஸ்கிக்குத் தேவைப்பட்ட முத்திரை இவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் விலை உண்டு. வேலை இல்லாத இடத்தைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? 'அது ஒருமை' என்றாலே 'ஒருமை அல்லாதது அல்ல' என்று வரப்பு போட்டாகிவிட்டது. 1939இல் பாரிஸில் வந்த 'அறியவொண்ணாதது' நூலில் ஃபிராங்க் இதோடு மல்லுக்கட்டுகிறார். இரண்டு கூற்றுகளுக்கு நடுவில் மிதந்து நிற்பதுதான் ஒரே நேர்மையான நிலை என்ற அளவுக்கு வருகிறார். மிதப்பதற்கு விதி எது என்று நான் கேட்டால் மறுபடி த்ருபெத்ஸ்கோய் ஆகிவிடுவேன்.

1922இல் போல்ஷெவிக் அரசு இவர்களை ஜெர்மன் கப்பல்களில் ஏற்றிப் பெத்ரோகிராதிலிருந்து ஸ்டெட்டினுக்கு அனுப்பிவிட்டது. ஃபிராங்க் செப்டம்பர் மாதக் கப்பலில், லோஸ்கி நவம்பர் மாதக் கப்பலில். ஃபுளோரென்ஸ்கி போகவில்லை. பாதிரியார் அங்கியோடு மின்பொறியியல் நிறுவனத்தில் மின்காப்புப் பொருள்களை ஆராய்ந்தார், 1924இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1933இல் பத்தாண்டு தண்டனை. ஸ்கொவொரோதினோவில் நிரந்தர உறைநிலம், பிறகு சொலோவ்கி தீவில் கடற்பாசியிலிருந்து அயோடினும் அகாரும் எடுக்கும் வேலை. 1937 டிசம்பர் 8இல் சுட்டுக்கொன்றார்கள்.

ஜூன் 4

'முரண்பாட்டை ஏற்கும் தருக்கம் இன்று இருக்கிறதே, அன்றைய ரஷ்யர்கள் அதைத் தொட்டார்களா?' தொட்டார்கள். ஆனால் தொட்டவர் இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தார்.

நிக்கொலாய் வாசிலியெவ், கசான். 1880இல் பிறந்தவர், மருத்துவம் படித்தார், கவிதை எழுதினார், பிறகு தருக்கத்துக்கு வந்தார். தந்தை கணிதப் பேராசிரியர், கணிதவியலாளர் லொபசேவ்ஸ்கியின் புகழை உலகுக்குப் பரப்பியவர்களில் ஒருவர். லொபசேவ்ஸ்கி தன் புதிய வடிவியலைக் 'கற்பனை வடிவியல்' என்றார். மகன் வாசிலியெவ் 1912இல் தன் புதிய தருக்கத்தைக் 'கற்பனைத் தருக்கம்' என்றார். இணைகோடுகளைப் பற்றிய யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளை விட்டுவிட்டும் வடிவியல் நின்றதென்றால், முரண்பாட்டு விதியை விட்டுவிட்டும் தருக்கம் நிற்காதா?

அவருடைய கற்பனை உலகத்தில் கூற்றுகள் மூன்று வகை: பொருளுக்கு அந்தப் பண்பு உண்டு, இல்லை, உண்டு-இல்லை இரண்டும் சேர்ந்தே. மூன்றில் ஒன்றுதான் உண்மையாக இருக்கும், நான்காவது கிடையாது. இதைச் செய்ய அவர் போட்ட ஒரு பிரிவுதான் இந்த இழை முழுவதும் நான் தேடிக்கொண்டிருந்தது. 'ஒரு பொருளுக்கு ஒரு பண்பும் அதன் மறுப்பும் சேர்ந்து இருக்க முடியாது' என்பது ஒரு விதி. அது பொருள்களைப் பற்றியது, வேறோர் உலகத்தில் மாறலாம். 'ஒரே கூற்று உண்மையாகவும் பொய்யாகவும் இருக்க முடியாது' என்பது வேறொரு விதி. அது நம் பேச்சைப் பற்றியது, எந்த உலகத்திலும் கைவிட முடியாது. முதலாவதைக் கைவிட்டார், இரண்டாவதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மன நோயால் வாழ்வின் பிற்பகுதியை மருத்துவமனையில் கழித்து 1940இல் இறந்தார். பிரேசிலில் தருக்கவாதிகள் ந்யூட்டன் டா கோஸ்டாவும் அய்டா அர்ரூடாவும் இத்தகைய தருக்கங்களை உருவாக்கிய பிறகுதான் இவரை முன்னோடி என்று உலகம் திரும்பிப் பார்த்தது.

அவருடைய மூன்றாம் வகைக் கூற்று ஃபுளோரென்ஸ்கியின் ஆறாம் கடிதத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. முத்திரைக்கு இல்லாத விதி இங்கே இருக்கிறது.

ஜூன் 5

நேற்று எழுதியதை வைத்து முடிதிருத்துபவர் புதிரை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு வாசகர் இதைக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வாசிலியெவின் உலகத்தில் 'இறைவனிடமிருந்து வந்தது' என்ற பண்பும் அதன் மறுப்பும் ஒரே நூலுக்குச் சேர்ந்தே இருக்கலாம். ஒளி பெற்றவர் முரண்பாடுள்ள நூலைப் படிக்கிறார். 'இறைவனுடையது', 'இறைவனுடையது அல்ல' என்ற இரண்டும் கிடைக்கின்றன. அதனால் எதையும் கைவிட வேண்டியதில்லை. மூன்றாம் வகைக் கூற்று ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். 'ஒளி பெற்ற நிலையில் முரண்பாடு இல்லை' என்ற ஃபுளோரென்ஸ்கியின் முடிவு அங்கே வராது. ஒளியும் முரண்பாடும் அருகருகே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறாம் கடிதத்தின் முத்திரைக்கு விதி வேண்டுமென்றால் வாசிலியெவின் உலகம். ஆனால் அங்கே பின்னிணைப்பின் நிரூபணம் போய்விடும். நிரூபணம் வேண்டுமென்றால் அரிஸ்டாட்டிலின் உலகம். அங்கே முத்திரை வெறும் மை. புத்தகத்தில் அவர் வைத்திருப்பது இரண்டையும். எது அவருக்கு உயிர் என்று என்னைக் கேட்டால், ஆறாம் கடிதம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நான் பின்னிணைப்பு என்பேன். ஒளி பெற்றவருக்கு முரண்பாடு இல்லை என்ற நம்பிக்கை போய்விட்டால், இரண்டாம் கடிதத்தில் அவ்வளவு வேதனையோடு தேடியது எதற்காக?

இன்னொரு ரஷ்யத் தத்துவவாதியான லோசெவ் பற்றிக் கேட்டவருக்கு: அவருக்குத் தனி இழை தொடங்குங்கள். இதில் இடம் போதாது.